ரெசுமேயின் கடைசி ரெண்டு வரி

 

போன ஞாயித்துக்கிழமை அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தோம். நம்ம கோயில்ல பந்தி பரிமாறுற தம்பி ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னாரு. பட்டப்படிப்பு முடிச்சு நாலு மாசம் ஆச்சாம். "அங்கிள், வங்கி வேலைக்கு ரெசுமே எழுதுறேன். கடைசியில பொழுதுபோக்கு, ஆர்வம்னு ஒரு எடம் இருக்கு. அதுல என்ன எழுதுறது? கோயில்ல வேலை செய்றத எழுதலாமா? எழுதினா தப்பா நெனப்பாங்களா?"ன்னு கேட்டாரு.

கையெல்லாம் சோப்பு நுரை. நின்ன எடத்துல பதில் சொல்ற கேள்வியா அது? "எழுதி அனுப்புறோம் தம்பி"ன்னு சொல்லிட்டோம். புலனத்துல அனுப்பலாம்னு உட்கார்ந்தா நீண்டுக்கிட்டே போகுது. நம்ம கோயில்ல இதே வயசுல நெறைய பிள்ளைங்க இருக்காங்க, எல்லாரும் படிக்கட்டும்னு இங்கேயே போடுறோம். பொறுமையா படிங்க.

எங்களப் பத்தி ஒரு வார்த்தை. எங்க வீட்டுல ரெண்டு பேருமே கோயில் தொண்டூழியர்கள்தான். எழுதுற கை ஒருத்தரோடது, நெனப்பு ரெண்டு பேரோடது. அதனால 'நாங்க'ன்னே எழுதிடுறோம். படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். கையுறை பேக்டரியில ஆபரேட்டரா நுழைஞ்சு இப்போ சூப்பர்வைசர். வங்கி, நிதி பத்தியெல்லாம் பேசுற தகுதி எங்களுக்கு இல்லை. ஆனா இந்தக் கேள்வி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்குள்ளேயே வந்தது. அப்போ நாங்க ஒரு தப்பு பண்ணினோம். அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் தம்பிக்கு முழுப் பதில் கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளியில படிச்சவங்களுக்கு 'என் பொழுதுபோக்கு' கட்டுரை ஞாபகம் இருக்கும். நாங்க தோட்டத்துப் பள்ளி. வகுப்புல முப்பது பேரு, முப்பது பேருமே 'என் பொழுதுபோக்கு தபால்தலை சேகரித்தல்'னுதான் எழுதினோம். லயத்துல யார் வீட்டுக்குக் கடுதாசி வந்தது? எப்பவாவது ஊர்ல இருந்து ஒண்ணு வரும், அதையும் கிராணி வீட்டுல போய் வாசிக்கச் சொல்லிக் கேட்கணும். நெசத்துல எங்க பொழுதுபோக்கு, சாயங்காலம் வாய்க்கால்ல மீன் பிடிக்கிறதும், கோயில் திருவிழாவுக்குத் தென்னங்குருத்து வெட்டித் தோரணம் பின்னுறதும்தான். அத யாரும் எழுதல. அதெல்லாம் எழுதுற விஷயம்னே எங்களுக்குத் தோணல. அடுத்தவங்க எழுதினதப் பார்த்து எழுதினா மார்க் கிடைக்கும், அவ்வளவுதான் தெரியும்.

நாப்பது வருஷம் கழிச்சு எங்க மக ரெசுமே எழுதினப்போ அதே கட்டுரைதான் திரும்பி வந்தது.

அவ நிதித்துறையில பட்டம் வாங்கினவ. ஒரே பக்கத்துல அழகா அடிச்சு வெச்சிருந்தா. படிப்பு, பயிற்சிக்குப் போன எடம், தெரிஞ்ச கணினி வேலை, பேசுற மொழி எல்லாம் இருந்தது. கீழ கடைசி வரியில, 'வாசிப்பு, பயணம், இசை கேட்பது'. ஐம்பது எடத்துக்குமேல அனுப்பினா. ரெண்டே எடத்துல இருந்துதான் கூப்பிட்டாங்க, அதுவும் கைப்பேசியில பேசினதோட சரி.

ஒருநாள் ராத்திரி அந்தத் தாளக் கையில எடுத்துப் பார்த்தோம். பேக்டரியில எங்க வேலையில பாதி ஆள் எடுக்கிறது. எச்.ஆர். முதல்ல பார்ப்பாங்க, அப்புறம் லைனுக்கு அனுப்புவாங்க, நாங்க பத்து நிமிஷம் பேசுவோம். அந்தப் பழக்கத்துல கேட்டோம்.

"வாசிப்புன்னு போட்டிருக்கியேம்மா, கடைசியா என்ன படிச்ச?"

கொஞ்சம் யோசிச்சா. "படிச்சு ரொம்ப நாளாச்சுப்பா."

"பயணம்?"

"பினாங்கு, போர்ட்டிக்சன். ஒருதடவ சிங்கப்பூர்."

"இசை?"

"எல்லாரும் கேட்கிறதுதான்."

அவளுக்கும் சிரிப்பு வந்துடுச்சு, எங்களுக்கும்தான். பேக்டரியில நடந்த ஒண்ணு ஞாபகம் வந்தது. டெக்னீஷியன் வேலைக்கு வந்த பையன் 'காற்பந்து'ன்னு எழுதியிருந்தான். சும்மா பேச்சுக்கு, எந்த எடத்துல ஆடுவேன்னு கேட்டோம். முழிச்சான். டிவியில பார்க்கிறதத்தான் எழுதியிருக்கான். பெரிய குத்தம் இல்லை. ஆனா அதுக்கப்புறம் அவன் சொன்ன மத்த பதில்களையும் ரெண்டாவது தடவை யோசிச்சோம். 'மெஷின் தெரியும்'னு எழுதியிருக்கானே, அதுவும் டிவியில பார்த்ததா? ஒரு சின்ன வரி மத்த வரிகளோட பேரையும் கெடுத்துடும்.

அப்போதான் கேட்டோம். "ஆறு வருஷமா திருவிழாக் கணக்குல உட்காருறியே, அத எங்கம்மா?"

அன்பர்களுக்குத் தெரியும். படிவம் ஐந்து முடிச்ச வருஷத்துல இருந்து, திருவிழா பத்து நாளும் ராத்திரி ரசீது மேசைக்குப் பின்னாடி உட்கார்ந்திருப்பா. எத்தனாம் நம்பர்ல இருந்து எத்தனாம் நம்பர் வரைக்கும் ரசீது போயிருக்கு, கெட்டுப்போன ரசீதுக்கு ரெண்டு தாளும் சேர்த்துப் பின் அடிச்சிருக்கா, உபயம் சொன்னவங்க யாரு, கொடுத்தவங்க யாரு, பாக்கி யாருன்னு ஒவ்வொண்ணா பார்த்துட்டுத்தான் எழுந்திரிப்பா. அன்னதானத்துக்குப் பத்து கிலோ அரிசின்னா சுமார் நூறு இலைன்னு கணக்குப் போட்டு, நாளுக்கு எவ்வளவு வாங்கணும்னு பட்டியல் எழுதுறதும் அவதான்.

அவ சொன்ன பதில்தான் எங்களக் குத்திச்சு. "கோயில் பேரு வேணாம்னு சீனியர் ஒருத்தங்க சொன்னாங்கப்பா. திருவிழாவுக்கெல்லாம் லீவு கேட்பான்னு நெனப்பாங்களாம். மதத்த எழுதினா சில பேருக்குப் பிடிக்காதாம். அதான் எடுத்துட்டேன்."

அன்னிக்கு ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரல. கோபம் யார் மேலன்னே புரியல. எந்த மாரியம்மன் முன்னாடி எங்க தாத்தா பாட்டி கப்பல்ல இருந்து இறங்கி வந்து கல்லு நட்டுக் கும்பிட்டாங்களோ, அந்தக் கோயில் பேரு ஒரு தாள்ல வரக்கூடாதா? பத்துகாஜா பக்கம் கெல்லி கோட்டை பார்க்கப் போனவங்க அங்க இருக்கிற மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பீங்க. வேலை செய்ற நம்ம ஜனங்க நோயில விழுந்தப்போ கோயில் வேணும்னு கேட்டாங்க, வெள்ளைக்காரத் துரை கட்டிக்கொடுத்தாரு. கூரை மேல கோட்டுப் போட்ட துரை சிலையும் நிக்குது. அந்தக் காலத்துலயே கூச்சமில்லாம கேட்டு வாங்கின கூட்டம் நாம. இப்போ பட்டம் வாங்கின பிள்ளை கூச்சப்படுது.

இந்த வேகத்துலதான் தப்பு பண்ணினோம்.

மறுநாள் நாங்களே ஒரு கடுதாசி அடிச்சோம். கோயில் நிர்வாகம் கொடுக்கிற சான்றுக் கடிதம் மாதிரி. 'இன்னார் எங்கள் ஆலயத்தின் துணைப் பொருளாளராக ஆறு ஆண்டுகள் சேவையாற்றினார்'னு எழுதி, கையெழுத்துக்கு எடம் விட்டு, பொருளாளர் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோனோம். மககிட்ட சொல்லல. துணைப் பொருளாளர்னு போட்டா எடுப்பா இருக்கும், வங்கிக்காரங்க மதிப்பாங்க, செய்ற வேலையும் அதுதானேன்னு எங்க மனசுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம்.

ஐயா தோட்டத்துல கிராணியா இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் எழுதின கை. கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ வாசிச்சாரு. பசியாறிட்டுப் போங்கன்னு தோசை போடச் சொன்னாரு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அதப் பத்திப் பேசல. அப்புறம் மெதுவா சொன்னாரு.

"தம்பி, இதுல ஒரு வார்த்தை கூடியிருக்கு."

எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. இருந்தாலும், "வேலை அதுதானே ஐயா செய்யுது பிள்ளை"ன்னோம்.

"வேலை அதுதான். பதவி அது இல்லை. துணைப் பொருளாளர்னு நம்ம கோயில்ல வேற ஒருத்தர் இருக்காரு. வருஷக் கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள சங்கப் பதிவு இலாகாவுக்குக் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் அனுப்புறோம்ல, 1966-ஆம் வருஷத்துச் சங்கச் சட்டம் அது. அந்தப் பட்டியல்ல உங்க மக பேரு இல்லை. நாளைக்கு யாராவது கேட்டா, பொய் சொன்னது பிள்ளைன்னுதான் ஆகும். நீங்க எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்?"

நாங்க தலையக் குனிஞ்சுக்கிட்டோம். அவரு இன்னொண்ணும் சொன்னாரு. "உண்டியல் எண்ணும்போது அஞ்சு காசு குறைஞ்சாலும் திரும்ப எண்ணச் சொல்றோம். இதையும் ஒருதடவ திரும்ப எண்ணிப் பாருங்க."

வீட்டுக்கு வந்து மககிட்ட நடந்ததச் சொன்னோம். திட்டுவான்னு நெனச்சோம். திட்டல. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துட்டு, "நான் செஞ்சது உங்களுக்குப் பத்தலையாப்பா?"ன்னு கேட்டா.

அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை. இன்னிக்கு வரைக்கும் இல்லை.

எங்க அம்மா, அவளோட பாட்டி, நாற்காலியில உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பால்மரம் சீவினவங்க. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். "ஸ்டோர்ல பால எடை போட்டு கிராணி எழுதுவாரு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா என் வாளி எடை எனக்குத் தெரியும். கொறச்சு எழுதினாலும் கேட்பேன், கூட எழுதினாலும் சொல்லிடுவேன். கூட எழுதினத வாங்கிட்டா, மறுநாள் கொறச்சு எழுதும்போது வாயத் திறக்க முடியாது பாரு"ன்னாங்க. அப்புறம் பேத்தியப் பார்த்து, "நீ சாமி கும்பிடுறத எழுதாத, அது உனக்கும் சாமிக்கும். கணக்குப் பார்த்தது வேலை. அத ஏன் மறைக்கிற?"ன்னாங்க.

அந்த வார்த்தையில எல்லாம் தெளிஞ்சுபோச்சு. அன்னிக்கே உட்கார்ந்து கடைசி வரிய மாத்தினோம். மூணு வார்த்தையையும் எடுத்துட்டு ரெண்டு வரி போட்டோம்.

ஒண்ணு: 'கோயில் திருவிழாக் கணக்குப் பிரிவு, தொண்டூழியர், 6 ஆண்டுகள். நன்கொடை ரசீதுகளை வங்கிக் கணக்குடன் சரிபார்த்தல், அன்னதானச் செலவுப் பட்டியல் தயாரித்தல்.'

ரெண்டு: 'பூப்பந்து, வாரம் இரண்டு நாள், தாமான் மண்டபத்தில்.'

ஐயாவும் கடிதம் கொடுத்தாரு. 'தொண்டூழியர்'னு மட்டும்தான் இருந்தது. ஆனா செஞ்ச வேலைய ஒண்ணுவிடாம அவரே வரிசையா எழுதியிருந்தாரு. நாங்க அடிச்சதவிட அதுதான் கனமா இருந்தது.

முதல்ல கோலாலம்பூர்ல ஒரு வங்கியில கூப்பிட்டாங்க. அந்த ரெண்டு வரியப் பத்தி யாரும் ஒரு கேள்விகூட கேட்கல. வேலையும் கிடைக்கல. இதையும் சொல்லணும், இல்லாட்டி நாங்க கதை விடுறோம்னு ஆயிடும்.

அடுத்தது ஈப்போவுல ஒரு நிதி நிறுவனம். ஒரு மலாய்க்கார அம்மா, ஒரு சீனர், ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்களாம். பாடத்துல கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டு, அந்தம்மா தாளோட கீழ்ப்பக்கம் விரல வெச்சு, "உண்டியலுக்குச் சாவி யார்கிட்ட இருக்கும்?"னு கேட்டாங்களாம். இவ நடைமுறையச் சொல்லியிருக்கா. ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, ரெண்டும் வேற வேற ஆள்கிட்ட. மூணு பேர் முன்னாடிதான் திறப்போம். நோட்டு தனி, சில்லறை தனி. ஒருத்தர் எண்ணினத இன்னொருத்தர் எண்ணுவாரு. சீட்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பை கட்டுவோம். அந்தம்மா சிரிச்சுட்டு, "எங்கப்பா பள்ளிவாசல் கமிட்டியில இருக்காரு. வெள்ளிக்கிழமை வசூல் எண்ணுறதும் இப்படித்தான்"னு சொன்னாங்களாம். எந்தப் பேர எழுதினா ஒதுக்கிடுவாங்கன்னு பயந்தோமோ, அந்தப் பேர்லதான் ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்து நின்னாங்க.

அடுத்து அந்தச் சீனர் கேட்டாராம், கணக்கு இடிச்சிருக்கா, இடிச்சப்போ என்ன செஞ்சேன்னு.

அதுக்கு இவ 2022 திருவிழாவச் சொல்லியிருக்கா. பல பேருக்கு இது தெரியாது, இப்போ சொல்லலாம். அந்த வருஷம்தான் நம்ம கோயில்ல டூயிட்நவ் கியூஆர் அட்டை வெச்சோம். மூணாம் நாள் ராத்திரி, மேசையில எழுதின பட்டியலுக்கும் வங்கிக் கணக்குல அன்னிய தேதிக்கு வந்ததுக்கும் 310 வெள்ளி வித்தியாசம். பட்டியல்ல இருக்கு, வங்கியில இல்லை. மேசையில உட்கார்ந்திருந்தவன் பதினேழு வயசுப் பையன். "கைக்காசா வாங்கி வெச்சுக்கிட்டு கியூஆர்னு எழுதிட்டானோ"ன்னு யாரோ ஒருத்தர் வாய விட்டுட்டாங்க. அந்தப் பையனோட மூஞ்சி இன்னும் கண்ணுல நிக்குது. அவங்கம்மா பந்தியில பரிமாறிக்கிட்டு இருக்காங்க, அவங்க காதுல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

மக மட்டும் 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டு, பட்டியல்ல ஒவ்வொரு வரியா நேரத்தப் பார்த்தா. தேர் திரும்பி வந்து சேர்ந்தப்போ நடுராத்திரி தாண்டிடுச்சு. பன்னெண்டு மணிக்கு மேல தட்டின காசெல்லாம் வங்கியில அடுத்த நாள் தேதியில ஏறியிருக்கு. நாம எழுதினது 'மூணாம் நாள்', வங்கிக்கு அது நாலாம் நாள். கூட்டிப் பார்த்தா சரியா 310. வாய விட்டவரு அங்கேயே பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அடுத்த நாள்ல இருந்து பட்டியல்ல நேரத்தையும் எழுதுற பழக்கம் வந்தது. இப்பவும் எழுதுறோம். அந்தப் பையன் இப்பவும் கோயிலுக்கு வர்றான். அன்னிக்கு அந்த ஒரு நிமிஷம் இல்லாம போயிருந்தா வந்திருப்பானா?

வேலை கிடைச்சது. முதல்ல ஆறு மாச ஒப்பந்தம், அப்புறம் நிரந்தரம். அந்த ரெண்டு வரியாலதான் கிடைச்சதுன்னு நாங்க சொல்ல மாட்டோம். அவ படிப்புக்குத்தான் கூப்பிட்டாங்க. ஆனா அந்த ரெண்டு வரியால அவ வாயத் திறந்து பயமில்லாம இருபது நிமிஷம் பேசினா. அது போதும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளே எங்களுக்குச் சில விஷயம் படிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல லாரன் ரிவேரான்னு ஒரு பேராசிரியை, பெரிய முதலீட்டு வங்கி, வக்கீல் நிறுவனம், ஆலோசனை நிறுவனம் இதுங்கள்ல ஆள் எடுக்கிற 120 பேரப் பேட்டி எடுத்து 2012-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அங்க ஆள் எடுக்கிறவங்க பொழுதுபோக்கு வரியக் கவனமா பார்க்கிறாங்களாம். விமான நிலையத்துல விமானம் தாமதமாகி மாட்டிக்கிட்டா இந்த ஆளோட பேசிக்கிட்டு இருக்க முடியுமான்னு மனசுல ஒரு சோதனை வெச்சிருப்பாங்களாம். நம்ம பாஷையில சொன்னா, தைப்பூசத்துக்கு புந்தோங்ல இருந்து குனோங் சீரோ வரைக்கும் காவடியோட நடக்கும்போது, பக்கத்துல யாரு நடந்தா தூரம் தெரியாதுன்னு பார்க்கிற மாதிரி.

இதுல ஒரு கசப்பும் இருக்கு. அதே பேராசிரியை இன்னொருத்தரோட சேர்ந்து 2016-ல வெளியிட்ட ஆய்வுல, அமெரிக்காவுல 316 வக்கீல் அலுவலகத்துக்குப் போலி ரெசுமே அனுப்பிப் பார்த்தாங்க. படிப்பு, மார்க், வேலை அனுபவம் எல்லாம் ஒண்ணு. பொழுதுபோக்கு, உதவித்தொகை மாதிரி சின்னச் சின்னக் குறிப்புகள்தான் வேற. பாய்மரப் படகு, குதிரை மேல ஆடுற போலோன்னு எழுதின பணக்கார வீட்டுப் பையன்கள்ல நூத்துக்கு 16 பேரக் கூப்பிட்டாங்க. ஓட்டப்பந்தயம், காற்பந்துன்னு எழுதின சாதாரண வீட்டுப் பையன்கள்ல நூத்துக்கு ஒருத்தரத்தான் கூப்பிட்டாங்க. ஆக அந்தக் கடைசி வரி வெறும் அலங்காரம் இல்லை. நீ எந்த வீட்டுப் பிள்ளைன்னு அது சொல்லிக்கொடுத்துடுது. மக சீனியர் சொன்ன பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. பிள்ளைங்க பயப்படும்போது 'உனக்கென்ன கூச்சம்'னு அதட்டுறதுக்கு முன்னாடி இத நாமளும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

அதுக்காக 'கோல்ப்'னு பொய்யா எழுதினா ஆச்சா? ஆகாது. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் கோல்ப் ஆடுறவரா இருந்தா ஒரே கேள்வியில முடிஞ்சுபோச்சு. வாரன் பஃபெட் பிரிட்ஜ் சீட்டாட்டத்துல பிரியமானவருன்னு உலகத்துக்கே தெரியும். அவரு ஆடுறதால அது அவருக்கு அழகு. ஆடத் தெரியாத நாம எழுதினா அது அந்தத் தபால்தலை மாதிரிதான்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கோயிலும் கணக்கும் ஒண்ணா இருக்கிறது நமக்குப் புதுசா? நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்த மலாயாவுல வட்டிக்கடை வெச்சு நடத்தினப்போ ரெசுமே ஏது? பத்துப் பன்னெண்டு வயசுல வாய்க்கணக்கு மனப்பாடம். அப்புறம் கடல் தாண்டி வந்து கிட்டங்கியில பெட்டியடிப் பையனா எடுபிடி வேலை. அப்புறம் அடுத்தாள். அப்புறம்தான் கடைப் பொறுப்பு. வியாபாரத்துல மகமைன்னு ஒரு பங்கு கோயிலுக்கு எடுத்து வைப்பாங்க. பினாங்கு தைப்பூசத்துல 1894-ல காரைக்குடியில இருந்து கப்பலேறி வந்த வெள்ளி ரதம் இன்னும் ஓடுது. ஒரு பையன் நம்பிக்கையானவனான்னு தெரிஞ்சுக்க, அவன் கடையில எப்படி, கோயில்ல எப்படின்னுதான் பார்த்தாங்க. அந்தக் காலத்துல அதுதான் ரெசுமே.

சரி, தம்பிக்குப் பதில். எங்களுக்குத் தெரிஞ்ச அளவுல சொல்றோம்.

நீ செய்றத மட்டும் எழுது. அஞ்சு நிமிஷம் தடுமாறாம பேச முடியுமான்னு கண்ணாடி முன்னாடி நின்னு பார். முடியலன்னா எடுத்துடு.

ரெண்டு வரி போதும், மூணு வேணாம். எடம் பத்தலைன்னா முதல்ல வெட்ட வேண்டியது இதுதான், படிப்பையும் அனுபவத்தையும் வெட்டாத.

'கோயில் தொண்டு'ன்னு மொட்டையா எழுதாத. என்ன வேலை, எத்தனை வருஷம், எத்தனை பேருக்குன்னு எழுது. நீ பந்தி பார்க்கிற. 'வாரம் 200 பேருக்கு உணவு பரிமாறும் குழு'ன்னு எண்ணிக்கையோட எழுது. ஆனா அந்த 200 நெசமா இருக்கணும். வர்ற ஞாயிறு இலைய எண்ணிட்டு எழுது.

இல்லாத பதவியப் போட்டுக்காத. உதவி செஞ்சிருந்தா 'உதவி'ன்னு எழுது. அதுல கௌரவக் குறைச்சல் இல்லை.

வங்கி வேலைக்குப் போறவங்க 'பங்குச் சந்தையில வாங்கி விக்கிறது என் பொழுதுபோக்கு'ன்னு எழுதுறதுக்கு முன்னாடி யோசிக்கணுமாம். ஊழியர் சொந்தமா பங்கு வாங்குறதுக்குப் பல எடத்துல கட்டுப்பாடு இருக்கு, அறிவிக்கவும் சொல்வாங்களாம். இது மக சொன்னது.

கோயில் பேர எழுதுறதா வேணாமாங்கிறது உன் விருப்பம். எழுதலைன்னா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு, நாங்களும் கோவிச்சுக்க மாட்டோம். எழுதினா, தயங்கித் தயங்கிச் சொல்லாம நிமிர்ந்து சொல்லு.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை, எங்களையும் சேர்த்துத்தான். பிள்ளைங்க செஞ்சது சின்னதாத் தெரிஞ்சா நாம அத ஊதிப் பெருசாக்கப் பார்க்கிறோம். பாசத்துலதான் செய்றோம். ஆனா 'நீ செஞ்சது பத்தல'ன்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி ஆயிடுது. அன்னிக்கு நாங்க அடிச்ச அந்தக் கடுதாசிய ஐயா கிழிச்சுப் போடல. மடிச்சு எங்க கையிலேயே கொடுத்துட்டாரு. பீரோவுல இன்னும் இருக்கு.

அடுத்த மாசம் உண்டியல் திறப்பு. நாள் முடிவானதும் புலனக் குழுவுல போடுவாங்க. எண்ணுறதுக்கு நாலு இளைஞர்கள் தேவைப்படுது. தம்பி, நீயும் வா. எண்ணிக் கையெழுத்துப் போடு. அடுத்த ரெசுமேயில எழுதுறதுக்கு நெசமாவே இன்னொரு வரி கிடைக்கும்.

எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்குங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் நல்ல வேலை அமையணும்னு வர்ற செவ்வாய்க்கிழமை பூசையில வேண்டிக்குவோம்.

வேலும் மயிலும் துணை.